பிள்ளைகளை ஒருநாள் வடக்கே அழைத்து வாருங்கள்: சென்னைப் பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர்களுக்கும், ஆண்டுதோறும் சுற்றுலாவுக்குப் பொறுப்பேற்றுக்கொள்ளும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

நான் திருவொற்றியூர்க்காரி. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமாகியும் இதே ஊரில் இருப்பவள். என் தங்கை மகள் வேளச்சேரியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். போன அரையாண்டு விடுமுறையில் அவளை வரச்சொன்னபோது போனில் கேட்டாள்: "பெரியம்மா, உங்க ஊர்ல பார்க்க என்ன இருக்கு? லாரிதானே இருக்கும்?"

அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நான் படித்த பள்ளியிலும் சுற்றுலா என்றால் மாமல்லபுரம், வண்டலூர், மிஞ்சினால் முட்டுக்காடு. பஸ் எங்கள் தேரடியிலிருந்து கிளம்பித் தெற்கே போகும். பல்லவர் செதுக்கிய யானையைப் பார்க்க அறுபது கிலோமீட்டர் போய் வந்தோம். எங்கள் தெருமுனையிலேயே சோழர் காலத்துக் கருவறை ஒன்று யானையின் முதுகைப் போல வளைந்து நிற்பதை யாரும் எங்களுக்குக் காட்டவில்லை. எனக்கு அது தெரியவந்தபோது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த வருத்தம் உங்கள் பிள்ளைகளுக்கு வேண்டாமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். இந்த ஆண்டு ஒருநாள் சுற்றுலாவைத் திருவொற்றியூருக்கு வையுங்கள்.

2011-ல் எங்கள் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. மாநகராட்சியில் நாங்கள்தான் 1-ஆவது மண்டலம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. சென்ட்ரலில் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்கி நடந்தே கோயிலுக்கு வந்துவிடலாம். தூரம், போக்குவரத்து நெரிசல் என்று முன்பு சொன்ன காரணமெல்லாம் இப்போது இல்லை.

அந்தத் தேரடியிலிருந்தே ஆரம்பிக்கலாம். வள்ளலார் சென்னையில் இருந்த காலத்தில் ஏழுகிணற்று வீட்டிலிருந்து இந்த ஊருக்கு நடந்தே வருவார். தேரடித் தெருவில் அப்போது ஒரு நிர்வாணச் சாமியார் இருந்தாராம். போகிற வருகிறவர்களைப் பார்த்து "இதோ கழுதை போகிறது, இதோ நாய் போகிறது" என்று அவரவர் குணத்துக்கு ஏற்றபடி சொல்வாராம். ஒருநாள் அந்த வழியாக வள்ளலார் வந்தார். "இதோ ஒரு மனிதன் போகிறான்" என்றாராம் சாமியார். இதைப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தெருவிலேயே நிறுத்திச் சொல்லிப் பாருங்கள். என் தங்கை மகள் உடனே எதிரே வந்த ஒவ்வொருவரையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் என்னிடம் மெதுவாக, "என்னைப் பார்த்தா அவர் என்ன சொல்லியிருப்பார்?" என்று கேட்டாள்.

அடுத்து தியாகராஜசுவாமி கோயில். இங்கே ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வகுப்பில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். நான் அழைப்பது சாமி கும்பிட அல்ல. கும்பிட நினைக்கும் பிள்ளை கும்பிடட்டும். நான் காட்ட விரும்புவது சுவர்களை. பல்லவர், சோழர், ராஷ்டிரகூடர் என்று பல அரசர்களின் ஆட்சிக்காலத்துக் கல்வெட்டுகள் இந்தக் கோயிலில் கிடைத்திருக்கின்றன. ஒரே வளாகத்தில் நடந்தபடியே சில நூற்றாண்டுகளைக் கடந்துவிடலாம்.

கல்வெட்டு என்றதும் பிள்ளைகள் பயப்படுவார்கள், நமக்குப் படிக்க வராது என்று. நான் ஒரு சின்ன விளையாட்டு வைத்திருக்கிறேன். முதலில் 'ப' எங்கே இருக்கிறது, தேடு என்பேன். அப்புறம் 'ட', அப்புறம் 'ம'. சோழர் காலத்து எழுத்தில் இவை இன்றைய வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும். புள்ளி மட்டும் பெரும்பாலும் இருக்காது. எந்த எழுத்து மெய் என்பதை நாமேதான் ஊகிக்க வேண்டும். என் தங்கை மகள் ஒரு வரியில் 'ட' எழுத்தைக் கண்டுபிடித்தாள். எண்ணெயும் தூசியும் ஏறிக் கறுத்திருந்த அந்தக் கல்லுக்கு ஒரு விரற்கடை தள்ளி விரலை வைத்துக்கொண்டு காற்றிலேயே அந்தக் கோட்டை வரைந்தாள், மேலிருந்து கீழே, கீழிருந்து வலப்பக்கம். "நான் எழுதற மாதிரியேதான் எழுதியிருக்காங்க" என்றாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தயவுசெய்து பிள்ளைகளிடம் கல்லைத் தேய்க்கவோ கிறுக்கவோ கூடாது என்று முன்பே சொல்லி அழைத்து வாருங்கள்.

நான் சொன்ன யானை முதுகுக் கருவறை முதலாம் இராஜேந்திர சோழன் காலத்தது. பின்புறம் அரைவட்டமாக வளைந்திருக்கும்; தூங்கானை மாடம் என்பார்கள். சுற்றி வந்து பின்னால் நின்று பார்த்தால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்பது புரியும். இதைக் கட்டியவரின் பெயரும் நமக்குக் கிடைத்திருக்கிறது: வீரசோழத் தச்சன் என்னும் பட்டம் பெற்ற ரவி. கட்டச்சொன்ன அரசன் பெயரைத்தான் எல்லா இடத்திலும் படிக்கிறோம். உளி பிடித்தவரின் பெயர் ஆயிரம் ஆண்டு தாண்டி வந்திருக்கிற இடம் எத்தனை இருக்கும்? வகுப்பில் 'ரவி' என்று ஒரு பையன் கட்டாயம் இருப்பான். அவனை முன்னால் நிறுத்திச் சொல்லுங்கள்.

இந்தக் கோயில் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு போர்வீரனின் கதை. 949-ல் தக்கோலத்தில் சோழருக்கும் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்கும் பெரிய போர் நடந்தது. சோழ இளவரசன் இராஜாதித்தன் யானைமேல் இருந்தபடியே உயிர்விட்டான். அதனால்தான் அவனை 'யானைமேல் துஞ்சிய தேவர்' என்கிறோம். இதுவரை பாடப்புத்தகத்தில் உண்டு. பாடப்புத்தகத்தில் இல்லாதது இது. இராஜாதித்தனுக்கு வல்லபன் என்று ஒரு நண்பன் இருந்தான். கேரளத்துக்காரன், படித்தவன், அவனிடம் சாமந்தனாக, அதாவது கீழ்ப்பட்ட சிற்றரசனாக இருந்தவன். போரில் இளவரசன் விழுந்த நேரத்தில் வல்லபன் பக்கத்தில் இல்லை. கூடவே சாகவில்லையே என்ற வேதனை அவனை விடவில்லை. கங்கையில் போய் மூழ்கி எழுந்தான்; துறவியானான்; கடைசியில் திருவொற்றியூருக்கு வந்து, நிரஞ்சன குருவின் வழியில் சேர்ந்து, சதுரானன பண்டிதர் என்ற பெயரில் இங்கிருந்த மடத்துக்குத் தலைவரானான். இதைச் சொல்லும் கல்வெட்டு யார் காலத்தில் பொறித்தது தெரியுமா? தக்கோலத்தில் அவன் நண்பனை வென்ற அதே மூன்றாம் கிருஷ்ணன் ஆட்சிக் காலத்தில்.

இதை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிப் பாருங்கள். நண்பனை விட்டுவிட்ட குற்ற உணர்ச்சி என்றால் என்னவென்று அந்த வயதில் நன்றாகவே தெரியும்.

அப்புறம் மகிழ மரம். கோயிலுக்குள் இருக்கும் அந்த மரத்தடிக்கு வந்தால் யார் குரலும் தானாகத் தணியும். சுந்தரர் இந்த ஊருக்கு வந்தபோது, பூமண்டபத்தில் மாலை கட்டிக்கொண்டிருந்த சங்கிலியாரைப் பார்த்து ஆசைப்பட்டார். சிவனையே தூது போகச் சொன்னார். சங்கிலியார் லேசில் ஒப்பவில்லை. இவருக்குத் திருவாரூரில் மனைவி பரவையார் இருக்கிறார், மனசெல்லாம் அந்த ஊரில்தான் இருக்கிறது, நாளைக்கே கிளம்பிவிட்டால்? "என்னைவிட்டுப் போகமாட்டேன் என்று சத்தியம் செய்யட்டும்" என்றார். சுந்தரருக்கு அங்கேயும் போகவேண்டும், இங்கேயும் வேண்டும். கருவறையில் சத்தியம் செய்தால் கட்டுப்பட வேண்டிவரும் என்று, "நான் சத்தியம் செய்ய வரும் நேரத்தில் நீங்கள் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள்" என்று சிவனிடம் கேட்டுக்கொண்டார். சிவன் சரி என்றார். அதே ராத்திரி சங்கிலியாரின் கனவிலும் போய், "கருவறையில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்" என்று சொல்லிவிட்டார். சுந்தரர் மாட்டிக்கொண்டார். மரத்தடியில் சத்தியம் செய்தார். திருவாரூர் வசந்த விழா நினைவு வந்ததும் அதை மீறி ஊரெல்லையைத் தாண்டினார். இரண்டு கண்ணிலும் பார்வை போயிற்று.

"சாமி ரெண்டு பக்கமும் பேசினாரா?" என்று கேட்டாள் என் தங்கை மகள். கொஞ்சநேரம் கழித்து, "சங்கிலி பாவம். அவங்க என்ன ஆனாங்க?" என்றாள். சுந்தரருக்குக் காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் ஒரு கண் என்று பார்வை திரும்பிய கதையை எல்லோரும் சொல்கிறோம். சங்கிலியாரைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. ஒரு சின்னப் பெண்ணுக்குத்தான் அது முதலில் தோன்றியது.

அந்த மரத்தடியில் மகிழம்பூ உதிரும் காலமாக இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். சுண்டுவிரல் நகத்தளவுதான் இருக்கும் பூ, சின்னச் சின்ன இதழ்கள் சுற்றிலும் நீட்டிக்கொண்டு நட்சத்திரம் மாதிரி. நடுவில் இயற்கையாகவே ஒரு துளை; ஊசி வேண்டாம், நூலை நுழைத்தால் போதும். காய்ந்து பழுப்பானாலும் வாசனை போகாது. என் தங்கை மகள் ஜியோமெட்ரி பாக்ஸில் நாலு பூவைப் போட்டுக்கொண்டு போனாள். மார்ச் மாதம் திறந்தபோதும் மணந்ததாம்.

இந்த மரம் கதையில் மட்டும் வருவதல்ல. சோழ மன்னன் இரண்டாம் இராஜாதிராஜன் பங்குனித் திருவிழாவின்போது மகிழ மரத்தடியில் இருந்து 'ஆளுடைய நம்பி ஸ்ரீபுராணம்' வாசிக்கக் கேட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். அதாவது எட்டு நூற்றாண்டுக்கு முன்பே ஒரு அரசன் இதே கதையை இதே இடத்தில் வந்து கேட்டிருக்கிறான். நான் உங்களிடம் புதிதாக ஒன்றும் கேட்கவில்லை.

இங்கே ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். கதையைக் கதை என்று சொல்லுங்கள். கல்வெட்டைக் கல்வெட்டு என்று சொல்லுங்கள். இரண்டையும் குழப்ப வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த வித்தியாசம் புரியும், அதனால் கதையின் ருசி குறையாது. மாந்தாதா என்ற அரசன் கோயில்களுக்கு வரி விதித்து ஓலை அனுப்பினான். அந்த ஓலையில் இரண்டு வரிக்கு நடுவே 'ஒற்றியூர் நீங்கலாக' என்று யாரோ எழுதியிருந்தார்கள். எழுதியது இந்த ஊர்ச் சிவனேதான், அதனால் அவருக்கு எழுத்தறியும் பெருமான் என்று பெயர். இது கதை. ஆனால் ஊருக்காக வரிவிலக்கு எழுதிக்கொண்ட சாமியை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிறையும்.

வட்டப்பாறை அம்மன் சந்நிதியையும் விட்டுவிடாதீர்கள். மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்தாள். தாயம் ஆடலாம் வா என்று கூப்பிட்டார் சிவன். காய் கிணற்றில் விழுந்தது. எடுக்க இறங்கியவளை ஒரு வட்டப் பாறையால் மூடிவிட்டார்கள். என் அம்மா சொன்ன கதை இது. ஆதிசங்கரர் வந்து சாந்தப்படுத்தினார் என்றும் சொல்வார்கள். இதே அம்மன்தான், கம்பர் இராமாயணம் எழுதிய இரவுகளில் பந்தம் பிடித்து வெளிச்சம் காட்டினாள் என்பதும் ஊர் நம்பிக்கை. கரண்ட் போகும் இரவுகளில் நான் படிக்க உட்கார்ந்தால், "வட்டப்பாறை அம்மாகிட்ட பந்தம் கேளு" என்பாள் அம்மா.

கலிய நாயனார் கதையைச் சின்னப் பிள்ளைகளுக்கு முழுதாகச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. சக்கரப்பாடித் தெருவில் எண்ணெய் வணிகராக இருந்தவர், கோயில் முழுக்க விளக்கேற்றியவர், ஏழையான பிறகும் கூலிவேலை செய்து ஏற்றியவர் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோயிலில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். அதற்குள் முடித்துக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்தால் பட்டினத்தார் சமாதி. பேய்க்கரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்தவருக்கு அந்தக் கரும்பு இந்த ஊரில்தான் இனித்ததாம். கரையில் விளையாடிய பையன்களிடம் தன்மேல் ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து மூடச் சொல்லி, வேறு இடத்தில் எழுந்து வந்து வேடிக்கை காட்டினாராம். கடைசியாக ஒருமுறை மூடினார்கள். திறந்தபோது லிங்கம்தான் இருந்தது. வாசலில் நின்றால் கடல் சத்தம் கேட்கும், கூடவே எண்ணூர் விரைவுச்சாலையில் போகும் கண்டெய்னர் லாரிகளின் சத்தமும். சாலையைக் கடக்கும்போது பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகக் கைபிடித்து வரச் சொல்லுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, அங்கே லாரிகள் வேகமாக வரும்.

கரைக்குப் போனால் மணல் இருக்காது. கருங்கல் இருக்கும். பெரிய பெரிய பாறைகளைக் கொட்டி, கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளைப் போட்டிருக்கிறார்கள். புவியியல் ஆசிரியர் கூட வந்தால் இங்கே அரை மணி நேரம் அவருக்குக் கொடுங்கள். நம் கரையோரம் ஆண்டில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழுந்ததும் அந்த மணல் தெற்கிலேயே தேங்கியது. அங்கே மெரினா அகலமானது. இராயபுரத்திலிருந்து வடக்கே கரை கரைந்தது. குப்பங்களில் எத்தனையோ வீடுகள் கடலுக்குள் போயின. உங்கள் பிள்ளைகள் மெரினாவில் ஓடிப்பிடித்து விளையாடும் மணலில் எங்கள் கரைக்கு வந்துசேர வேண்டிய மணலும் உண்டு. பிரளய வெள்ளத்தைச் சிவன் ஒற்றி, அதாவது விலகி, நிற்கச் செய்ததால் ஒற்றியூர் என்று எங்கள் ஊர்ப் பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையையும் இந்தக் கருங்கல்லையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும்.

நேரம் இருந்தால் திரும்பும் வழியில் காலடிப்பேட்டை. யாரோ மகானின் காலடி பட்ட இடம் என்றுதான் நானும் சின்ன வயதில் நினைத்திருந்தேன். 1717 முதல் 1720 வரை சென்னைக் கவர்னராக இருந்த ஜோசப் காலட், நெசவாளர்களைக் குடியமர்த்திய பேட்டை அது. காலட் பேட்டைதான் வாய்க்கு வாய் மாறிக் காலடிப்பேட்டை ஆனது. அங்கேயுள்ள கல்யாண வரதராஜப் பெருமாள் கோயிலுக்கும் ஒரு கதை உண்டு. கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவன் தினமும் காஞ்சி வரதரைச் சேவித்துவிட்டுத் தாமதமாக வருவாராம். "இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது சொல் பார்க்கலாம்" என்று கவர்னர் சோதித்தாராம். அவர் கண்மூடிச் சொன்னது அப்படியே சரியாக இருந்ததாம். இனி இவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று இங்கேயே கோயில் எழுந்ததாம்.

தொழிற்சாலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. விம்கோ தீப்பெட்டி, 1946-ல் ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிய எம்.ஆர்.எஃப், 1955-லிருந்து என்ஃபீல்டு புல்லட் எல்லாம் இந்த ஊர்ச் சரக்குதான். பையன்களுக்கு இதைச் சொன்னால் போதும், நடந்த களைப்பு போய்விடும்.

சில நடைமுறை விஷயங்கள். நாற்பது பேருக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். கேள்வித்தாள் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார்கள், எதையும் பார்க்க மாட்டார்கள். மாசியில் சுந்தரரின் சத்தியத்தை நினைவுகூரும் மகிழடி சேவை நடக்கும் நாளும், கோயில் மூலவரான ஆதிபுரீசுவரருக்குக் கவசம் திறக்கும் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாளும், பௌர்ணமி வெள்ளியும் கூட்டம் தாங்காது. அந்த நாள்களைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கல் விடுமுறை முடிந்த வாரம் சரியாக இருக்கும், வெயிலும் ஏறியிருக்காது. காலை எட்டு மணிக்குத் தேரடி நிலையத்தில் இறங்குங்கள். ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு தொப்பி, அப்புறம் மகிழம்பூ போட்டுக்கொள்ள ஒரு சின்ன டப்பா.

அன்புடன்,
திருவொற்றியூர்க்காரி ஒருத்தி